வன்னிப் பிள்ளைகளும் சட்டி பானையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் சித்திரம் படிப்பிக்கிறேன். ஒவ்வொரு வருடமும் இரண்டாம் தவணையில் பிள்ளைகளைக் களிமண்ணில் இறக்கிவிடுவது என் வழக்கம். அதைக் கேள்விப்பட்டு மற்ற ஆசிரியர்களும் பெற்றோரும் தொலைபேசியில் கேட்கிறார்கள். கேட்பவர் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்கிருந்து தொடங்குவது? படம் காட்டி விளங்கப்படுத்தினால் போதாதா?

படத்தைப் பிறகு காட்டலாம். முதல் நாள் நான் கொடுப்பது ஒரே ஒரு வீட்டுவேலை: "வீட்டிலயும் வளவிலயும் மண்ணால செய்து சுட்ட சாமான் எத்தனை இருக்கு எண்டு எண்ணிக்கொண்டு வாங்கோ." உடனே பாதி வகுப்பு "ஒண்டும் இல்லை ரீச்சர்" என்று சொல்லும். தரம் 7இல் ஒரு பெடியன் அப்படிச் சொல்லிவிட்டுப் போய், மறுநாள் ஏழு சாமானோடு வந்தான். மீன்குழம்புச் சட்டி, சாமியறைச் சாம்பிராணிச் சட்டி, போன வருடக் கார்த்திகை விளக்கீட்டுச் சுட்டி விளக்கு, தயிர் வாங்கின சட்டியில் நட்ட துளசி, கூரை ஓடு, காசு போடும் முட்டி, கோழிக்குத் தண்ணீர் வைக்கிற உடைந்த பானை அடி. கடைசிச் சாமானுக்கு வகுப்பே சிரித்தது. எனக்கு அதுதான் பிடித்தது. ஓடாகக் கிடந்ததையும் பானைக் கணக்கில் சேர்க்க அவனுக்குத் தோன்றியிருக்கிறது.

அடுத்த நாள் பெயர் திரட்டுவோம். சட்டி, பானை, குடம், முட்டி என்று நாலு சொல்லோடு பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். ஆச்சிமாரிடம் அனுப்பினால் பட்டியல் நீளும்: அரிக்கன் சட்டி, பிட்டுப் பானை, கும்பம், தூபக்கால், கற்பூரச் சட்டி, கலியாண வீட்டு முளைப்பாலிகைச் சட்டி, செத்தவீட்டுக் கொள்ளிக்குடம். கரும்பலகையில் எழுதி முடிக்கும்போது, பிறந்த வீட்டிலிருந்து சுடலை வரைக்கும் மண்பாத்திரம் கூட வருகிறது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். நீங்கள் வாய் திறக்கத் தேவையில்லை.

அந்தப் பட்டியலில் ஒன்றைக் கட்டாயம் வகுப்புக்குக் கொண்டுபோங்கள்: அரிக்கன் சட்டி. உட்பக்கம் வரிவரியாகக் கீறல் போட்ட சட்டி அது. தண்ணீரோடு அரிசியைப் போட்டுச் சுழற்றி அரித்தால் அரிசி மேலே அள்ளுப்பட்டுப் போகும், கல் வரியில் தங்கிவிடும். இன்றைக்குப் பொதியில் வருகிற அரிசியில் கல் இல்லை, ஆகவே பிள்ளைகளுக்கு இது என்னவென்றே தெரியாது. ஒரு சுண்டு அரிசியில் கொஞ்சம் குறுமணலைக் கலந்து கொடுத்துவிட்டு, "கல்லை எடுத்துத் தாங்கோ பாப்பம்" என்று சொல்லுங்கள். முதலில் விரலால் பொறுக்குவார்கள். பிறகு யாரோ ஒரு பிள்ளை, பெரும்பாலும் ஆச்சியோடு வளர்கிற பிள்ளை, சட்டியைச் சுழற்றும். அந்த நேரம் வகுப்பின் முகத்தைப் பாருங்கள்.

எங்கள் வீடுகளில் மண்சட்டியே இல்லையே, பிள்ளைகள் எதைப் பார்ப்பது?

அலுமினியமும் பிளாஸ்டிக்கும் எல்லா ஊருக்கும் வந்தவைதான். வன்னியில் இன்னொன்றும் நடந்தது. 2008, 2009இல் இறுதி யுத்தத்தில் இடம்பெயர்ந்த சனம் ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊர், அங்கிருந்து இன்னோர் ஊர் என்று சாமான்களைக் காவிக்கொண்டு திரிந்தது. உழவு இயந்திரப் பெட்டியில் குலுங்கினால் மண்சட்டி மிஞ்சாது. அலுமினியச் சட்டி நெளிந்தாலும் கூட வரும். என் அம்மாவின் மீன்சட்டி எங்கே விடுபட்டது என்று அவவுக்கு இன்றைக்கும் நல்ல ஞாபகம்: கிணற்றடியில், தேசிக்காய் மரத்துக்குக் கீழே, கழுவிக் கவிழ்த்தபடி.

ஆகவே வீட்டுவேலை கொடுக்கும்போது கொஞ்சம் கவனம் வேண்டும். "சாமானைக் கொண்டு வாங்கோ" என்று சொல்லாதீர்கள், எண்ணச் சொன்னால் போதும். சில வீடுகளில் இந்தக் கேள்வி வேறு கதைகளைக் கிளப்பிவிடும். பிள்ளை அந்தக் கதையோடு வந்தால் கேளுங்கள். வராவிட்டால் தோண்டாதீர்கள்.

எத்தனை வயதுப் பிள்ளைகளுக்குச் சரிவரும்?

எந்த வயதுக்கும். சின்னப் பிள்ளைகள் மண்ணை உருட்டுவார்கள், தட்டுவார்கள், அவ்வளவு போதும். வனைதல், சுடுதல் என்று போவதற்கு தரம் 6க்கு மேல் நல்லது. க.பொ.த. சாதாரண தர வகுப்பைக் கேட்டால் அதிபர் தரமாட்டார், கேட்டு மனம் நோகாதீர்கள்.

வன்னி மட்பாண்டத்துக்கு வரலாறு என்று சொல்ல ஏதாவது இருக்கிறதா?

நிறைய. பூநகரி வட்டாரத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் செய்த மேலாய்வுகளில் கறுப்பு-சிவப்பு மட்பாண்ட ஓடுகள் கிடைத்தன. மன்னாரில் கட்டுக்கரைக் குளத்தை அண்டி 2016இல் அவர் தலைமையில் தொடங்கிய அகழாய்வில் யானை முதலான சுடுமண் உருவங்கள் வெளிவந்தன. இன்னும் தெற்கே, வில்பத்துக் காட்டோரம் பொம்பரிப்பில், இறந்தவர்களைத் தாழியில் இட்டுப் புதைத்த இடம் இருக்கிறது. இரண்டாயிரம் வருடத்துக்கும் முந்தியது அது.

பிள்ளைகளுக்கு ஆண்டுக் கணக்கு அவ்வளவாக ஏறாது. கறுப்பு-சிவப்பு எப்படி வந்தது என்று சொன்னால் ஏறும். உள்ளும் வாய்ப்பக்கமும் கறுப்பு, வெளியே கீழ்ப்பக்கம் சிவப்பு, இரண்டும் ஒரே பானையில். பெயின்ற் இல்லை. பானையைக் கவிழ்த்து, வாய் சாம்பலுக்குள்ளும் உமிக்குள்ளும் புதையும்படி வைத்துச் சுட்டால் அந்தப் பக்கம் காற்றுப் போகாது, கறுக்கும். காற்றுப்பட்ட பக்கத்தில் மண்ணிலுள்ள இரும்பு சிவப்பாகும். ஒரே மண், ஒரே நெருப்பு. நாங்கள் சின்னக் கிண்ணங்களை உமிக்குள் கவிழ்த்துச் சுட்டுப் பார்த்தோம். ஆறில் இரண்டு ஓரளவு சரிவந்தது, மற்ற நாலும் கரிச்சட்டி நிறத்தில் வந்தன.

யானை, காளை உருவங்களைப் பற்றிச் சொல்லும்போது ஐயனாரைக் கொண்டுவாருங்கள். வன்னியில் குளக்கட்டில் பிள்ளையாரோ ஐயனாரோ இல்லாத ஊர் குறைவு. குளத்தையும் காட்டையும் வயலையும் காக்கிற சாமி என்று பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்லத் தேவையில்லை.

பிறகு பொங்கல். வைகாசி விசாகத்து வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்குப் போகாத பிள்ளை எங்கள் பக்கம் இல்லை. கடலில் எடுத்த நீரில் விளக்கெரிவது எல்லோருக்கும் தெரியும். பொங்குகிற பெரிய பானைக்கு வளந்து என்று பெயர் இருப்பதும், பொங்கலுக்கு முதல் அதை நேர்வதற்கு ஒரு சடங்கு இருப்பதும் அநேகருக்குத் தெரியாது. கூட்டத்துக்குள் நின்று பார்த்த சாமானுக்குப் பெயர் தெரிந்ததும், அடுத்த வருடம் முன்வரிசைக்கு முண்டியடிக்கிறார்கள்.

ஒட்டுசுட்டானில் ஓட்டுத் தொழிற்சாலை இருந்ததால்தான் அந்தப் பெயரா?

பிள்ளைகள் வருடாவருடம் கேட்கிற கேள்வி, ஆகவே இதையும் சேர்க்கிறேன். இல்லை. அங்கே ஓட்டுத் தொழிற்சாலை இருந்தது உண்மை, நல்ல களி இருப்பதும் உண்மை. ஊர்ப்பெயர் அதற்கு எவ்வளவோ முந்தியது. அறுத்த பயிரின் ஒட்டைச் சுட்டபோது லிங்கம் தோன்றியது என்பது தான்தோன்றீஸ்வரர் கோவிலின் தலக்கதை. ஒட்டு வேறு, ஓடு வேறு. ஆனால் இந்தப் பிழையை நான் உடனே திருத்துவதில்லை. ஒரு கிழமை விட்டு, தமிழ் ஆசிரியரிடம் கேட்டு வரச் சொல்லுவேன்.

களிமண் எங்கே எடுப்பது?

இதை மட்டும் மேலோட்டமாக வாசிக்காதீர்கள்.

முதலாவது, பிள்ளைகளை மண்வெட்டியோடு எங்கும் அனுப்ப வேண்டாம். எங்கள் மண்ணில் மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. சிவப்பு எச்சரிக்கைப் பலகை இல்லாத இடம் எல்லாம் பாதுகாப்பான இடம் என்று அர்த்தமில்லை. செங்கல் அறுக்கிறவர்கள் கிண்டிக்கொண்டிருக்கிற குழி, தொடர்ந்து உழுகிற வயல், அண்மையில் தூர்வாரின குளம் என்று, ஏற்கெனவே ஆக்கள் புழங்குகிற இடத்திலிருந்து பெரியவர் ஒருவர்தான் எடுத்துவர வேண்டும். மண்ணுக்குள் இரும்போ பிளாஸ்டிக் உறையோ தென்பட்டால் தொடாமல், வந்த வழியே திரும்பிப் பொலிசுக்கு அறிவியுங்கள்.

இரண்டாவது, குளத்து மண் என்றால் கமக்கார அமைப்பிடம் கேட்டு எடுங்கள். குளக்கட்டில் ஒரு கைப்பிடி மண்ணும் எடுக்கக் கூடாது. ஆவணி, புரட்டாதியில் நீர் வற்றும்போது குளத்தின் உள்வயிற்றில் எடுக்கிற வண்டல் களிதான் எனக்குப் பிடித்தது. அப்போது எடுத்து வைத்தால் அடுத்த வருடம் வரை காணும்.

புற்றுமண் அருமையான மண், மணலே இல்லாமல் மாவு மாதிரி இருக்கும். ஆனால் மஞ்சள் பூசிப் பூ வைத்த புற்றில் கைவைக்க முடியாது. வைக்கப் போனால் பிள்ளைகளே தடுப்பார்கள். புளியம்பொக்கணை நாகதம்பிரானுக்குப் பொங்கப் போகிற வீட்டுப் பிள்ளைகள் அவர்கள். பூவில்லாத புற்று என்றாலும் உள்ளே பாம்பிருக்கும், விட்டுவிடுவதே நல்லது.

நந்திக்கடல் ஓரத்து மண்ணைக் கொண்டுவந்து ஒருமுறை ஏமாந்தேன். காய்ந்ததும் மேலே வெள்ளையாக உப்புப் பூத்தது. கரையோர மண்ணில் சிப்பித் துண்டும் இருக்கும். சுடும்போது அது சுண்ணாம்பாகி, சூளையால் எடுத்துச் சில நாள் கழித்து ஈரத்தை இழுத்துப் பருத்து, பானையில் சின்னச் சின்னச் செதிலாகத் தெறிக்கும். ஒன்றும் செய்யாமல் அலுமாரியில் இருந்த பானை தன்பாட்டில் பொரிந்தால் பிள்ளைகள் பேய் என்பார்கள். சிப்பிதான்.

நல்ல மண் என்று எப்படிப் பார்ப்பது?

நனைத்துப் பிசைந்து, பென்சில் மொத்தத்தில் கயிறாக உருட்டி விரலில் சுற்றுங்கள். வெடிக்காமல் சுற்றுப்பட்டால் நல்ல களி. உடைந்தால் மணல் கூட. சுற்றுப்பட்டும் கையைவிட்டுப் பிரியாமல் ஒட்டினால் களி கூட, அதற்கு மணல் சேர்க்க வேண்டும்.

பதப்படுத்துவது எப்படி?

காயவைத்து, தட்டித் தூளாக்கி, வாளியில் ஊறவிட்டு, பழைய சாரத்தால் வடித்து, தண்ணீர் சுண்டவிடுங்கள். நாலு பங்கு களிக்கு ஒரு பங்கு குறுமணல் என்று தொடங்கி, உங்கள் மண்ணுக்கு ஏற்றபடி கூட்டிக் குறையுங்கள். மணல் சும்மா நிரப்புவதற்கு இல்லை. காயும்போது மண் அதிகம் சுருங்காமல் பிடித்துக்கொள்வதும், நெருப்பில் வெடிக்காமல் காப்பதும் அதுதான்.

பிறகு மிதித்தல். தறப்பாளை விரித்து, செருப்பைக் கழற்றி, கண்ணாடித் துண்டு இருக்கிறதா என்று நீங்கள் முதலில் கையால் பார்த்துவிட்டு, பிள்ளைகளை விடுங்கள். பாதத்துக்குக் கீழே ஒரு கல் இருந்தாலும் அவர்களுக்குத் தெரியும், எடுத்து வீசுவார்கள். வெள்ளைச் சீருடையைப் பற்றி வீட்டில் யாரும் கோபிக்காமல் இருக்க, வெள்ளிக்கிழமையில் வையுங்கள். மிதித்த மண்ணை ஈரச்சாக்கால் மூடி இரண்டு கிழமை வைத்தால் இன்னும் இழுபடும்.

திரிகை (பானை வனைகிற சில்லு) இல்லையே, எப்படி வனைவது?

திரிகை வேண்டாம். முதல் வருடம் திரிகைக்கு ஆசைப்படாதீர்கள், நாற்பது நிமிடப் பாடவேளையில் நாற்பது பிள்ளைகளில் இரண்டு பேர்தான் தொடுவார்கள், மற்றவர்கள் சண்டை பிடிப்பார்கள். கையால் செய்ய மூன்று வழி இருக்கிறது. உருண்டையில் பெருவிரலை இறக்கிக் கிள்ளிக் கிள்ளி விரிப்பது. கயிறாகத் திரித்து வட்டமாக அடுக்கி, உள்ளும் புறமும் தேய்ப்பது. சிரட்டைக்குள் ஈரத்துணி விரித்து மண்ணை அழுத்தி அச்செடுப்பது. சுட்டி விளக்குக்கு மூன்றாவது போதும், வாயில் ஒரு இடத்தைக் கிள்ளினால் திரி வைக்க மூக்கு வந்துவிடும். கவிழ்த்த பானையின் மேல் தட்டித் தட்டிச் சட்டியும் எடுக்கலாம், ஆனால் காய்ந்து சுருங்க முதல் கழற்ற மறந்தால் இரண்டும் போச்சு.

திரிகையை வனைகிறவரிடம் போய்ப் பார்க்கவேண்டும். அங்கே பிள்ளைகள் கண்ணை எடுக்காமல் பார்ப்பது சுற்றுகிற சில்லை. நீங்கள் அடுத்த வேலையைக் காட்டுங்கள். திரிகையால் நூல் போட்டு அறுத்து எடுக்கும்போது பானைக்கு அடி மூடியிருக்காது, அல்லது தடிப்பாக இருக்கும். கொஞ்சம் வாடவிட்டு, உள்ளே ஒரு உருண்டைக் கல்லைப் பிடித்து, வெளியே பலகையால் தட்டித் தட்டி அடியை மெலிதாக்கி மூடுவார். கல்லுக்கும் பலகைக்கும் நடுவில் மண் நகருகிறது. சத்தத்தைக் கேட்டே தடிப்பைச் சொல்வார்கள். வித்தை அங்கேதான்.

பானைக்கு ஏன் தட்டையான அடி இல்லை?

தரம் 6 பிள்ளை கேட்டது, நானும் அதுவரை யோசித்ததில்லை. மூன்று கல் அடுப்பில் உருண்டை அடி எப்படி வைத்தாலும் இருக்கும். மூலை இல்லாததால் சூடு ஒரே மாதிரிப் பரவும், மூலையில்தான் வெடிப்புத் தொடங்கும். தட்டிச் செய்கிற முறைக்கும் உருண்டைதான் இலகு. நிலத்தில் வைக்கத் திருகணை இருக்கிறது, பனையோலையில் பின்னுகிற வளையம். அதையும் அதே கிழமையில் பின்னப் பழக்கலாம்.

வனைகிறவரைப் பள்ளிக்கூடத்துக்கு அழைக்கலாமா?

அழையுங்கள். ஆனால் எப்படி அழைப்பது என்று முதலில் யோசியுங்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு நான்தான் ஒரு ஐயாவைக் கூட்டிப்போனேன். மேடையில் விருந்தினருக்கு மாலை, பொன்னாடை, குளிர்பானம். ஐயாவுக்கு மைதான ஓரத்தில், வெயிலில், நிலத்தில் ஒரு சாக்கு. வருகிறவர்கள் நின்று கமராவில் படம் எடுத்துவிட்டுப் போனார்கள். ஒரு பிள்ளை "இவர் ஆர்?" என்று கேட்க, பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் தொழிலைச் சொல்லவில்லை, சாதியைச் சொன்னார். ஐயா மத்தியானச் சாப்பாட்டுக்கு நிற்கவில்லை. திரிகையைக் காவி லான்ட்மாஸ்டரில் ஏற்றும்போது "பிள்ளை, இனி நீங்கள் அங்க வாங்கோ" என்று மட்டும் சொன்னார்.

அதிலிருந்து நாங்கள்தான் போகிறோம். அவருடைய கொட்டில், அவருடைய வளவு, அங்கே அவர்தான் ஆசிரியர். ஒரு நாள் வேலை கெடுகிறது, ஆகவே ஒரு நாளைக்கு அவர் உழைக்கிற காசைப் போக முதலே பேசிக் கொடுத்துவிடுங்கள். "பிள்ளைகளுக்குத்தானே, சும்மா செய்து காட்டட்டும்" என்பது எனக்குப் பிடிக்காத பேச்சு. விஞ்ஞான ஆசிரியருக்கு அப்படிச் சொல்வோமா? திரும்பும்போது ஆளுக்கொரு சட்டி விலை பேசாமல் வாங்குவது எங்கள் வகுப்பு வழக்கம்.

வகுப்பில் வனைகிற குடும்பத்துப் பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளையை எழுப்பி நிறுத்திப் புகழாதீர்கள். புகழ்ச்சிகூடச் சுட்டிக் காட்டுவதுதான். அதுவாக ஒரு நாள் "அப்படி இல்லை ரீச்சர், கையை நனைச்சுப்போட்டு இழுக்கவேணும்" என்று சொல்லும். அப்போது நீங்கள் சொன்ன முறையை மாற்றிக்கொள்ளுங்கள், போதும். யாராவது பட்டம் தெளித்து அந்தப் பிள்ளையைப் பழித்தால் மட்டும் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள், இடைவேளைக்குப் பிறகு என்று தள்ளிப்போடாதீர்கள்.

செய்தது எல்லாம் காயும்போதே வெடிக்கிறதே?

வைகாசி முதல் வீசுகிற சோளகக் காற்றுச் செய்கிற வேலை அது. ஒரு பக்கம் விறுவிறென்று காய, மற்றப் பக்கம் ஈரமாக நிற்கும். காய்ந்த பக்கம் சுருங்க, நடுவில் பிளக்கும். யன்னலைச் சாத்தி, நிழலில் வைத்து, முதல் இரண்டு நாளும் பொலித்தீனால் மூடுங்கள். விளிம்பில் ஈரத்துணி போடுங்கள். கைபிடி, மூக்கு ஒட்டின இடம் கழன்றால், ஒட்டும்போது இரண்டு பக்கமும் கீறிச் சேற்றுக் குழம்பு பூசவில்லை என்று அர்த்தம்.

பள்ளிக்கூடத்தில் சுடலாமா?

அதிபரின் அனுமதியோடு, மைதானத்தின் வெறும் நிலத்தில், காற்று விழுந்த பின்னேரத்தில் சுடலாம். பிள்ளைகள் நெருப்பிலிருந்து பத்து அடி தள்ளிக் கோட்டுக்கு அப்பால். நாலு வாளி தண்ணீர், நாலு வாளி மணல். நெருப்பைத் தொடுவது பெரியவர்கள் மட்டும்.

நிலத்தில் உடைந்த ஓடு பரப்பி, மேலே காய்ந்த சாணி வரட்டியும் பொச்சுமட்டையும் அடுக்கி, நடுவில் விளக்குகளைக் கவிழ்த்து, சுற்றிப் பனங்கொட்டை ஊமலும் சிரட்டையும், அதற்கு மேல் வைக்கல் மூடி, வைக்கலின் மேல் சேறு பூசி, புகை போக நாலு துளை விடுங்கள். முதல் இரண்டு மணித்தியாலமும் புகைய மட்டும் விடவேண்டும். அவசரப்பட்டால் என்ன நடக்கும் என்பதை நான் அனுபவத்தில் சொல்கிறேன்.

ஒரு வருடம் விளக்கீட்டுக்கு முதல் கிழமை சுட்டோம். ஐப்பசி மழை விடவில்லை, விளக்குகள் மேலே காய்ந்த மாதிரித்தான் இருந்தன. நாள் நெருங்கிவிட்டதென்று நான் நெருப்பைக் கூட்டினேன். உள்ளே நின்ற ஈரம் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 மடங்கு இடம் கேட்கும், மண் எங்கே போகும்? படார், படார் என்று ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தது. 2009க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள், கைதட்டிச் சிரித்து "இன்னொண்டு, இன்னொண்டு" என்று எண்ணினார்கள். திரும்பிப் பார்த்தால் காவலாளி ஐயா சுவரோடு குந்தி, இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

நாற்பது விளக்கில் ஒன்பது மிஞ்சியது. அதற்குப் பிறகு விளக்கீட்டுக்கான விளக்குகளை ஆவணியிலேயே சுட்டு முடித்துவிடுகிறோம். சுடுகிற நாளில் காவலாளி ஐயாவுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

சரியாகச் சுடுபட்டதா என்று எப்படித் தெரியும்?

விடிந்து, தொடக்கூடிய அளவுக்கு ஆறின பிறகு எடுங்கள். விரலால் சுண்டினால் கணீர் என்று கேட்கவேண்டும். இன்னொரு பரிசோதனையும் செய்யுங்கள், வருடத்திலேயே சிறந்த வகுப்பு அதுதான். சுடாத விளக்கொன்றையும் சுட்ட விளக்கொன்றையும் இரண்டு கண்ணாடிப் போத்தல் தண்ணீரில் போட்டு வைத்தால், ஒரு பாடவேளைக்குள் சுடாதது இளகிச் சேறாக இறங்கத் தொடங்கும். மற்றது அப்படியே நிற்கும். திறந்த சூளையில் சூடு 600 முதல் 850 பாகை செல்சியஸ் வரை போகும். அந்தச் சூட்டில் மண்ணோடு இரசாயனமாகச் சேர்ந்திருந்த நீரும் வெளியேறிவிடுவதால், பிறகு ஊறவைத்தாலும் களியாகாது.

பெயின்ற் அடித்து அழகாக்கலாமா?

எனக்கு விருப்பமில்லை. எனாமல் பெயின்ற் அடித்த பானை கண்காட்சி மேசைக்குப் போகும், பிறகு அலுமாரிக்கு மேலே போகும், பிறகு குப்பைக்குப் போகும். பெயின்ற் மண்ணின் நுண்துளைகளையும் அடைத்துவிடும், அப்புறம் தண்ணீர் குளிராது. சாப்பாட்டுச் சட்டிக்கு அது நஞ்சும்கூட. அழகு வேண்டுமென்றால் பாதி காய்ந்த பானையில் செம்மண் குழம்பு பூசி, வழுவழுப்பான கூழாங்கல்லால் தேய்க்கட்டும். நகத்தால் அழுத்தட்டும், ஈர்க்கால் கீறட்டும், கயிற்றை உருட்டி அடையாளம் போடட்டும். கட்டுக்கரையிலோ பூநகரியிலோ யாரும் வானவில் நிறத்தில் பானை அடிக்கவில்லை.

இதால் பரீட்சைக்கு என்ன பிரயோசனம்?

பெற்றோர் கூட்டத்தில் கட்டாயம் வரும் கேள்வி. ஈர மண்ணில் சரியாக 10 சென்ரிமீற்றர் கோடு கீறி, காய்ந்த பின்பும் சுட்ட பின்பும் அளந்தால் கிட்டத்தட்ட ஒரு சென்ரிமீற்றர் காணாமல் போயிருக்கும், நூற்றுவீதம் படிப்பிக்க அதைவிட நல்ல கணக்கு எனக்குத் தெரியாது. மண்பானையிலும் அலுமினியப் பானையிலும் தண்ணீர் ஊற்றி வெப்பமானி வைத்தால் ஆவியாதல் பாடம் முடிந்துவிடும். இதைச் சொன்னால் அப்பாமார் தலையாட்டுவார்கள். உண்மையில் நான் அதற்காகச் செய்வதில்லை.

வயலில் கிடக்கிற பழைய ஓட்டுத்துண்டுகளைப் பிள்ளைகள் பொறுக்கி வரலாமா?

வேண்டாம். பழைய ஓடு கிடந்த இடத்தில் கிடந்தால்தான் அது எந்தக் காலத்தது, யார் இருந்த இடம் என்று ஆய்வாளரால் சொல்ல முடியும். மேசையில் வைத்தால் வெறும் ஓடு. தொல்பொருட்களைக் காக்க 1940ஆம் ஆண்டிலிருந்து சட்டமும் இருக்கிறது. பார்த்த இடத்தைக் குறித்து, பெரியவர்களிடம் சொல்லச் சொல்லுங்கள்.

பிள்ளைகள் செய்த சட்டியில் சமைக்கலாமா?

எங்கள் சூளையில் சுட்டது சமையலுக்குத் தாங்காது. வனைகிறவரிடம் வாங்கிய சட்டியில் சமையுங்கள். ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, அடுத்த நாள் கஞ்சித் தண்ணீர் ஊற்றி மெல்லிய நெருப்பில் கொதிக்கவிட்டுப் பழக்க வேண்டும். சவர்க்காரம் போடக்கூடாது, மண் அதைக் குடித்து வைத்திருந்து அடுத்த குழம்பில் விடும். தவணை கடைசியில் நாங்கள் அந்தச் சட்டியில் பயறு அவிக்கிறோம். தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் பிள்ளைகள் கொண்டுவருவார்கள்.

பிள்ளை ஆசையாகச் செய்தது உடைந்தால் அழுகிறதே?

அழட்டும். ஒட்டித் தருகிறேன் என்று பசையோடு போகாதீர்கள். பெரிய துண்டுகள் பூச்சாடிக்கு அடியில் போகும். தட்டையானவை கோடு கீறிக் கெந்தி விளையாடச் சில்லாகும், இடைவேளையில் அதற்குத்தான் போட்டி. மிஞ்சியதை எல்லாம் ஒரு உரப்பையில் போட்டு வகுப்பு மூலையில் வைத்திருக்கிறேன். அடுத்த வருடம் புதுக் களி வரும்போது பிள்ளைகள் அதை உரலில் இடித்து, அரித்து, மணலுக்குப் பதிலாகக் கலப்பார்கள். சுட்ட மண் கலந்த களி லேசில் வெடிக்காது. போன மாசியில் இடிக்கும்போது, இப்போது தரம் 8இல் இருக்கிற ஒரு பிள்ளை வாசலில் நின்று எட்டிப் பார்த்தது. "அதுக்குள்ள என்ர யானையும் இருக்கு" என்று சொல்லிவிட்டு, உலக்கையைக் கேட்டு வாங்கி நாலு குத்துக் குத்திவிட்டுப் போனது.